விரலில் நிற்காத முடி

ஒரு விடுகதை போடுகிறேன், சொல்லுங்கள் பார்ப்போம். வெட்டினால் வலிக்காது, இழுத்தால் வலிக்கும். எண்ணெய் கொடுத்தால் படுத்துக்கொள்ளும், தண்ணீர் கொடுத்தால் எழுந்து பறக்கும். என்ன அது?

அட, உங்கள் மகள் சொல்லிவிட்டாளே! முடிதான். கெட்டிக்காரி. அம்மா யோசிப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள்.

பயப்படாதே கண்ணு, தொட மாட்டேன். தொடாமலே சொல்லுவேன். நேற்றுத்தான் உனக்குத் தலைக்கு ஊற்றியிருக்கிறார்கள், எண்ணெய் வைக்கவில்லை. சரியா? நெற்றியோரம் நாலு முடி தனியாகக் காற்றில் நிற்கிறது பாருங்கள், அதுதான் அடையாளம். உங்கள் மகளுக்கும் சன்ன முடி. எங்கள் சுபிக்கும் இதே ரகம். அதனால்தான் பஸ்ஸில் ஏறினதிலிருந்து என் கண் அங்கேயே போகிறது. தப்பாக நினைக்காதீர்கள்.

நானும் தூத்துக்குடிக்குத்தான். என் தம்பி பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன் அங்கே இருக்கிறான், திரவியம் என்று பெயர். அவனிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் சொன்னால் நம்ப மாட்டான். நேரில் போய்ச் சொன்னாலும் நம்புவானோ என்னவோ. பையில் கற்கண்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தாவது நம்பட்டும்.

ஏன் நம்ப மாட்டான் என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்கிறேன். எட்டயபுரம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

என் பெயர் சண்முகவடிவு. வடிவு என்பார்கள். கோவில்பட்டியில் தம்பி வேலாயுதம் வீட்டில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் பம்பாயில். பம்பாயில் என்றால், பம்பாயில்தான். அதைப் பற்றி இப்போது வேண்டாம். தாலி இருக்கிறது, விசேஷங்களில் முன்னால் நிற்கலாம். அது போதும் எனக்கு.

தம்பிக்கு டயர் பஞ்சர் கடை. அவன் பெண்டாட்டி செண்பகம் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிறவள். காலையில் போனால் ராத்திரிதான் வருவாள். ஒரே மகள் சுபிக்ஷா, ஏழாம் வகுப்பு. பெற்றவள் செண்பகம் என்றாலும் நாள் தவறாமல் தலை வாரிவிட்டவள் நான். அந்தத் தலையை என் விரலுக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சன்ன முடியைப் பற்றி உங்களுக்கும் தெரிந்திருக்கும். கனமான முடி எண்ணெயைக் குடித்துவிடும். குழிக்கரண்டியால் ஊற்றினாலும் ஊற்றினது தெரியாது. சன்ன முடிக்குக் குடிக்க இடமில்லை. இரண்டு சொட்டு கூடினாலே ஒன்றோடொன்று ஒட்டி, நனைந்த நூல் மாதிரி திரிதிரியாகிவிடும். நடுவில் மண்டை தெரியும். சரி, கழுவலாம் என்று கழுவினால், அன்றைக்கு விரலில் நிற்காது. பட்டு நூல்கூட நிற்கும், அது நிற்காது. பின்னப் பின்ன அவிழும், ரிப்பன் வழுக்கிக்கொண்டு கீழே வரும். மறுநாள் கொஞ்சம் அடங்கும். அதற்கு மறுநாள் தலையின் சொந்த எண்ணெய் இறங்கி, முடி விரலை லேசாகப் பிடிக்கும். ஜடை போட அன்றைக்குத்தான் சுகம். அதையும் தாண்டினால் பிசுக்கு. தொட்ட கையைக் கழுவ வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும், கழுவி எத்தனை நாள் ஆயிற்று என்று நான் சொல்லிவிடுவேன். இதில் என் விரல் தப்பினதே இல்லை. இன்றைக்கும் தப்பவில்லை. அதுதான் வேடிக்கை.

பள்ளிக்கூடத்தில் இரட்டை ஜடை, மடித்துக் கட்டி ரிப்பன் போட வேண்டும். அவிழ்ந்து தொங்கினால் டீச்சர் நிறுத்தி வைத்துக் கேட்பார். சுபிக்கு மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும். நான் என்ன செய்ய? எண்ணெய் வைத்தால் நிற்கும். அதனால் தினமும் எண்ணெய். காதோரம் வழிந்தால் முந்தானையால் துடைத்துவிடுவேன்.

"அத்தை, போதும்" என்பாள்.

"போதாதுட்டி. எலிவால் மாதிரி இருக்கு. எண்ணெ வச்சாவது வளருதான்னு பாப்போம்" என்பேன்.

செல்லமாகத்தான் சொல்லுவேன். எலிவாலே, இங்கே வா. எலிவாலே, சீப்பை எடு. செல்லமாகச் சொல்வதற்கெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். நாமெல்லாம் அப்படியா இருந்தோம்?

எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும்தான் பெண்கள் தலைக்கு ஊற்றுவது. உங்கள் பக்கமும் அப்படித்தானே? மற்ற கிழமையில் ஊற்றுவதென்றால், சாவு வீட்டுக்குப் போய் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதத்தில் அந்த நாட்கள் கழிந்திருக்க வேண்டும். வேறு எதற்குக் கிழமை கெட்ட கிழமையில் ஒரு பெண்பிள்ளை தலையை நனைப்பாள்?

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தலைக்கு ஊற்றக் கூப்பிட்டேன். வயிறு வலிக்கிறது என்று நழுவிவிட்டாள். சரி, விட்டேன். புதன்கிழமை சாயங்காலம், ஜாஸ்மின் வீட்டில் படிக்கப் போகிறேன் என்று போனாள். ஜாஸ்மின் அவளோடு படிக்கிற பிள்ளை, அடுத்த தெரு. திரும்பி வந்தபோது ஜடை இறுக்கமாகப் பின்னியிருந்தது. நான் பின்னின ஜடை இல்லை. சரி, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பின்னி விளையாடுகிறார்கள் என்று அதையும் விட்டேன்.

வியாழக்கிழமை காலையில் ஜடையை அவிழ்த்து விரலை உள்ளே விட்டேன்.

நிற்கவில்லை.

முடி அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது. போன வெள்ளியிலிருந்து எண்ணெய் ஏறியிருக்க வேண்டிய முடி, அன்றைக்குப் பிறந்த குழந்தையின் தலை மாதிரி இருக்கிறது. சீப்பை வைத்தால் சீப்போடு எழும்புகிறது. கூடவே ஒரு ஷாம்பு வாசனை. எங்கள் வீட்டில் ஷாம்பு கிடையாது.

 அந்த வாரம் எங்கள் பக்கம் சாவும் இல்லை. செவ்வாய்க்கிழமை வயிற்று வலி. புதன்கிழமை தலைக்கு ஊற்றியிருக்கிறாள், அதுவும் வீட்டுக்குத் தெரியாமல். இதற்கு மேல் என்ன வேண்டும்? பிள்ளை பெரிய மனுஷி ஆகிவிட்டாள். வெட்கப்பட்டு மறைக்கிறாள்.

நான் கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது? பக்குவமாக நடந்துகொண்டேன் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, மிரண்ட மாதிரி இருந்தாள். பார், எப்படிப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கும் எண்ணெயை வைத்துப் பின்னி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு தடவை சோதித்துப் பார்த்தேன். "தலைக்கு ஊத்தணும், வா" என்றேன். "இன்னைக்கு வேண்டாம் அத்தை, சுத்தமாத்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். எனக்கு உறுதியாகிவிட்டது.

அவள் வேன் ஏறிப் போனதும் திரவியத்துக்குப் போன் போட்டேன். தாய்மாமனுக்குத்தானே முதலில் சொல்ல வேண்டும். "உன் மருமக பெரிய மனுஷி ஆயிட்டாப்பா" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறான் போல. அவனுக்குப் பெண் குழந்தை இல்லை.

"நிச்சயமா மதினி?" என்றான்.

"நான் தலை வாரிவிட்டு வளத்த பிள்ளை. எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"சாயங்காலத்துக்குள்ள வந்துருதேன்" என்றான்.

தம்பியிடம் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவன் கையில் கிரீஸோடு கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் கறுப்பு. "செண்பகத்துக்கு?" என்றான். அவள் கடையில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். கடை நம்பருக்கு அடித்தேன். எடுத்த பையனிடம், வீட்டில் விசேஷம், செண்பகத்தைச் சீக்கிரம் வரச் சொல் என்றேன். அவன் போய் என்ன சொன்னானோ.

உங்களிடம் சொன்னால் என்ன, நீங்கள் யாரோ, நான் யாரோ. அன்றைக்குப் பகல் முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை. தம்பி வீட்டில் இருக்கிறவளுக்கு என்ன பதவி இருக்கிறது சொல்லுங்கள். சோறு பொங்குகிறவள், துணி மடிக்கிறவள். ஆனால் அந்த ஒரு நாள், முதல் தண்ணீர் ஊற்றுகிற முறை அப்பாவோடு கூடப் பிறந்தவளுக்கு. எங்கள் பக்கம் அப்படி. கூட்டம் விலகி வழிவிடும். நான் செம்பைத் தூக்கினால்தான் குலவை. அந்தப் பிள்ளை பிறந்த அன்றைக்கே நான் அதை நினைத்துவிட்டேன்.

எதிர்வீட்டு சந்திராவும் நானும் புட்டு அவித்தோம். தம்பி பச்சைத் தென்னை ஓலை கொண்டுவந்து, பெரிய மனுஷியானவளை உட்கார வைக்கிற குச்சிலை வாசல் ஓரத்தில் கட்டினான். தாய்மாமன் கட்ட வேண்டியது, அவன் வருவதற்கு நேரமாகும் என்று தம்பியே பாதி கட்டி வைத்தான். தெருப் பெண்கள் எல்லாம் தலை சீவி, பூ வைத்து வந்துவிட்டார்கள். திரவியமும் அவன் பெண்டாட்டி சொர்ணமும் ஒரு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தட்டுத் தட்டாகப் பழம், பூ, இனிப்பு, ஒரு பட்டுப்பாவாடை. ரோஸ் கலர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் வேன் வந்தது.

சுபி இறங்கினாள். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். குச்சிலைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். "யாருக்கு அத்தை?" என்றாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். "யாருக்கா? கேக்குறதப் பாரு கள்ளி!" என்று சந்திரா அவள் பையை வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி மாலையைப் போட்டாள். மனையில் உட்கார வைத்துவிட்டார்கள். வேன் இன்னும் போகவில்லை. உள்ளே இருந்த பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தன. டிரைவரும் புட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று வேனை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்தார். விசேஷம் என்றால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

"அத்தை, என்ன அத்தை இது?" என்று என் புடவையைப் பிடித்தாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, வெட்கப்படாத. அத்தைக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

செம்பைத் தூக்கினேன். மஞ்சள் தண்ணீர். குலவை போட்டார்கள். யூனிஃபார்மோடு இருக்கிற பிள்ளை தலையில் ஊற்றினேன்.

சன்ன முடி நனைந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதிலும் காலையில் நான் வைத்த எண்ணெய் வேறு. தலையோடு தலையாக ஒட்டிக்கொண்டது. நடு மண்டை வெள்ளையாகத் தெரிந்தது. அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். அழுகிற பிள்ளை முகத்தை மூடும், இவள் தலையை மூடினாள். அது எனக்கு அப்போது விநோதமாகத்தான் இருந்தது.

ஈரத்தை மாற்றி பட்டுப்பாவாடை கட்டிவிட சொர்ணம் அவளை உள்ளே கூட்டிப் போனாள். போனவள் வரவில்லை. நாங்கள் புட்டை எடுத்துவைத்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து சொர்ணம் மட்டும் வந்தாள். கையில் பட்டுப்பாவாடை மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

"அக்கா, பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே" என்றாள்.

"என்னது ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் ஆகல. கேட்டுட்டேன், பாத்துட்டேன். அது இன்னும் சின்னப்பிள்ளதான்."

அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் இல்லையா? அதற்குக்கூட அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாசற்படியில் ஈர யூனிஃபார்மும் மாலையுமாகத் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்து, "அப்புறம் எதுக்குட்டி புதன்கிழமை தலைக்கு ஊத்தின?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். எல்லாருக்கும் கேட்கட்டும், நான் காரணம் இல்லாமல் சொல்லவில்லை என்று தெரியட்டும் என்றுதான்.

அவள் ஏதோ முணுமுணுத்தாள்.

"சத்தமாச் சொல்லு!"

சொன்னாள். "தலை எண்ணெயா இருக்குன்னு என் பின்னாடி யாரும் உக்கார மாட்டேங்கிறாங்க அத்தை. எண்ணெச்சட்டின்னு கூப்பிடுறாங்க. வடை வெந்துருச்சான்னு கேக்குறாங்க. நீங்க ஊத்தினாலும் திரும்ப எண்ணெ வைப்பீங்க, அதான் ஜாஸ்மின் வீட்டுல ஷாம்பு போட்டுக் கழுவினேன்."

 முதலில் வேன் ஜன்னலில் ஒரு பையன் சிரித்தான். பிறகு சந்திரா. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், ஆனால் சிரித்தாள். "ஏ வடிவக்கா, தலை கழுவுனதுக்கா குச்சில் கட்டுனீங்க?" அவ்வளவுதான், தெருவே சிரித்தது. திரவியம் லோடு ஆட்டோ விளிம்பில் உட்கார்ந்து, "லீவு போட்டுட்டு வந்தேன் மதினி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். தம்பி ஓலையைப் பிரிக்க ஆரம்பித்தான்.

அந்த நேரத்தில் செண்பகம் ஓடி வருகிறாள். செருப்பு ஒரு காலில்தான் இருக்கிறது. கடைப் பையன் அவளிடம், வீட்டில் ஏதோ ஆகிவிட்டதாம் என்று சொல்லியிருக்கிறான். "யாருக்கு என்ன? யாருக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் மகளைப் பார்த்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மாலையைக் கழற்றினாள், தன் முந்தானையால் பிள்ளையின் தலையை மூடினாள், உள்ளே கூட்டிப் போய்விட்டாள்.

ராத்திரி என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான். "அவகிட்ட கேட்டிருக்கலாம்லா மதினி."

"கேக்குற விஷயமா இது?" என்றேன்.

"ஊரக் கூட்டிக் கேட்டீங்கள்லா" என்றாள்.

பாருங்கள், எப்படிப் பேசுகிறாள்.  

அதற்குப் பிறகு என் பிழைப்பைக் கேட்காதீர்கள். தெருவில் நடக்க முடியவில்லை. புட்டுக் கொடுத்த கிண்ணங்களைத் திருப்பித் தர வருகிறவர்கள் ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு சிரிப்பு. "ரொம்ப ருசியா இருந்துச்சு அக்கா, அடுத்து எப்போ?" என்று ஒருத்தி. தண்ணீர் பிடிக்க எல்லாரும் போன பிறகுதான் போவேன். பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லத் திரவியத்துக்குப் போன் போட்டால், "என்ன மதினி, வேற யாரும் தலை கழுவிட்டாங்களா?" என்கிறான். பின்னால் சொர்ணம் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். எனக்கு வந்த மாதிரி ஒரு தலைகுனிவு யாருக்கும் வரக்கூடாது.

சுபியா? அவளுக்கும் கஷ்டம்தான். வேனில் ஏறினால் பின்சீட்டிலிருந்து யாராவது குலவை போடுகிறார்களாம். வகுப்பிலும் அதுவே பேச்சாம். கொஞ்ச நாள் பள்ளிக்கூடமே போகவில்லை. பிறகு வேனை நிறுத்திவிட்டு சைக்கிளில் போக ஆரம்பித்தாள். வெயிலோ மழையோ, தலையில் ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடும் என்பார்கள். பெரியவர்களுக்குத்தானே மனசில் தங்கும்? அப்படித்தான் நான் நினைத்தேன். ஆனால் பாருங்கள், தெரு மறந்துவிட்டது, சந்திராகூட இப்போது அதைப் பேசுவதில்லை. சுபி துப்பட்டாவை எடுக்கவில்லை.

அவள் திரும்பப் பள்ளிக்கூடம் போன முதல் நாள் காலையில் வழக்கம்போல சீப்பும் எண்ணெயுமாகப் போய் உட்கார்ந்தேன். அவள் என் முன்னால் வந்து உட்காரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தானே பின்னிக்கொண்டாள். ஒரு ஜடை காதுக்கு மேலே, இன்னொன்று காதுக்குக் கீழே. "இங்க வா, நேரா பின்னிவிடுதேன்" என்றேன். "வேண்டாம் அத்தை" என்றாள். கோபமாகச் சொன்னால் நானும் ஒரு சத்தம் போடலாம். மரியாதையாகச் சொல்கிறாள். மரியாதையாகச் சொன்னால் என்ன செய்வது?

செண்பகம் ஷாம்பு வாங்கி வைத்தாள். எனக்கு மனசு கேட்காமல் சீயக்காய்ப் பொடி அரைத்து வைத்தேன். "சன்ன முடியை அது சொரசொரன்னு ஆக்கிடும் அத்தை. சிக்கு விழும்" என்றாள் சுபி. எனக்கே சொல்கிறாள்! ஆனால் அவள் சொன்னது சரி. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவுகிறாள். முந்தின நாள் ராத்திரி நுனியில் மட்டும் துளி எண்ணெய். கழுவின நாளில் ரிப்பனை இரண்டு சுற்று அதிகம் சுற்றி முடிச்சுப் போட்டு நிறுத்துகிறாள். இப்போது அந்த முடியைப் பார்த்தால் அடர்த்தியாகத் தெரிகிறது. மண்டை தெரிவதில்லை. கிழமை மட்டும் பார்ப்பதில்லை. நான் ஒன்றும் சொல்வதில்லை.

மன்னிப்புக் கேட்டேனா என்கிறீர்களா? சின்னப் பிள்ளையிடம் போய் என்னவென்று கேட்பது? குழிப்பணியாரம் சுட்டுக் கொடுத்தேன். அவளுக்குப் பிடிக்கும். சாப்பிட்டாள். "நல்லாருக்கு அத்தை" என்றாள், தட்டைக் கழுவி வைத்தாள். முன்பெல்லாம் உப்பு இல்லை, தேங்காய் இல்லை என்று நொட்டை சொல்லிச் சொல்லி, என் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்பாள். இப்போது குறையே சொல்வதில்லை. 

காலையில் எல்லாரும் போன பிறகு, அவள் சீப்பில் ஒட்டியிருக்கிற முடியை எடுப்பேன். விரலில் உருட்டிப் பார்ப்பேன். வழுக்கினால், நேற்றுக் கழுவியிருக்கிறாள். லேசாகப் பிடித்தால், இன்றைக்குக் கழுவுவாள். அவளைப் பற்றி இப்போது எனக்குத் தெரிகிறது அவ்வளவுதான்.

இருங்கள், கண்டக்டர் என்னவோ சொல்கிறார். இது எட்டயபுரமா? பேச்சில் தெரியவே இல்லை. இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, முடித்துவிடுகிறேன்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை. செண்பகத்துக்கு அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல்தான் கடை. காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவும் மகளும் அறைக்குள் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காது கொடுக்கவில்லை. சத்தியமாக. பிறகு செண்பகம் வந்து அடுப்பைக் குறைத்தாள்.

"மதினி, சுபி பெரிய பிள்ளை ஆயிட்டா."

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். எதைச் சொன்னாலும் தப்பாகிவிடுமோ என்று பயம்.

"அவதான் சொன்னா. இந்தத் தடவை அவளே சொன்னா" என்றாள் செண்பகம். "குச்சில் வேண்டாம்ங்கிறா, குலவை வேண்டாம்ங்கிறா, தெருவுக்குச் சொல்ல வேண்டாம்ங்கிறா. நான் சரின்னுட்டேன். தலைக்குத் தண்ணி மட்டும் ஊத்திக்கிடுவா. திரவியத்துக்குச் சொல்லணும். நீங்களே நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்க மதினி."

அது மரியாதையா தண்டனையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இதோ போய்க்கொண்டிருக்கிறேன்.

"முதல் தண்ணி?" என்று கேட்டேன். 

"அது உங்க முறைதான். நான் மாட்டேன்னு சொல்லல" என்றாள். "ஆனா அவகிட்ட கேளுங்க."

செம்பைத் தேய்த்துக் கழுவினேன். மஞ்சளைக் கரைத்தேன்.  கொல்லையில் குளியலறை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். துப்பட்டா இல்லை. ஜடையை அவிழ்த்துவிட்டிருந்தாள். வேறு யாரும் இல்லை, செண்பகம்கூட அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். முடி தோளுக்குக் கீழே வந்திருந்தது. வெயில் பட்டு ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. அது வளர்ந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

என் ஆயுசுக்கும் அந்தப் பிள்ளையிடம் நான் ஒன்றைக் கேட்டுச் செய்ததில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"அத்தை ஊத்தட்டுமா சுபி?"

அவள் செம்பைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். சும்மா ஒப்புக்கு யோசிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தாள், எனக்குத் தெரிந்தது.

"வேண்டாம் அத்தை, நானே ஊத்திக்கிடுதேன்" என்றாள். செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.